கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க

"ஓன் போர்டு வண்டிதான் சார். வழியில போலீஸ் யாராவது கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க."

இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன். கடைசியாகச் சொன்னவன் என் அண்ணன் மகன். மனைவி, கைக்குழந்தை, மாமியாரோடு சென்னை விமான நிலையத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மரக்காணம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே புதுச்சேரி போவதாக ஏற்பாடு. "டி போர்டு வண்டிய விட எண்ணூறு ரூபா கம்மி சித்தப்பா. வண்டி புதுசு. இன்சூரன்ஸும் இருக்காம். அப்புறம் என்ன?" என்றான். வங்கியில் வேலை பார்க்கிறவன், கடன் பத்திரத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விடாதவன். பெற்ற பிள்ளையை ஏற்றிப்போகும் வண்டியின் காகிதத்தை மட்டும் பார்க்கவில்லை.

திண்டிவனம், விழுப்புரம் நீதிமன்றங்களில் விபத்து இழப்பீட்டு மனுக்களை, எங்கள் பேச்சில் எம்.சி.ஓ.பி., நடத்துவதுதான் என் பிழைப்பு. இந்தச் சாலை விழுங்கியவர்களின் கட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. அந்த உரிமையில்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதால் ஏறி உட்கார்ந்தவருக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று யார் சொன்னது? சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த காரின் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். கூடாதவற்றில் முதலில் நிற்பது வாடகைக்கு ஓட்டுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு, பெர்மிட் இல்லாமல் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது என்கிறது. மீறினால் 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதெல்லாம் ஓட்டுகிறவர் தலைவலிதானே என்பீர்கள். பாதி வழியில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள 207-வது பிரிவு இடம் தருகிறது. குழந்தையும் பெட்டிகளுமாக ரோட்டில் நிற்கப்போவது நீங்கள்.

அதை விடுங்கள், பிடிபடாமல் போய்விடலாம். விபத்து நடந்தால்தான் கணக்கு திறக்கிறது. மஞ்சள் பலகை வண்டியில், அதாவது டி போர்டில், போகும் பயணிக்குக் காப்பீடு இருந்தே ஆக வேண்டும் என்று 147-வது பிரிவே கட்டாயப்படுத்துகிறது. உரிமையாளர் இருப்பதிலேயே மலிவான 'தேர்ட் பார்ட்டி' பாலிசியை எடுத்திருந்தாலும், பின் சீட்டில் இருக்கும் உங்கள் மாமியார் அதற்குள் அடங்குவார். வெள்ளைப் பலகையில், அதாவது ஓன் போர்டில், அந்தக் கட்டாயம் இல்லை. முழு பாலிசி, அதாவது பேக்கேஜ், எடுத்திருந்தால் காரில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது சும்மா ஏறி வந்தவர்களுக்கு. கூலி கொடுத்து ஏறினீர்கள் என்று தெரிந்த நிமிடமே, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்து நிற்பார். அப்படி வாதாட 150-வது பிரிவு அவருக்கு வழி விட்டிருக்கிறது.

"அதனாலதான் சார் சொந்தக்காரங்கன்னு சொல்லச் சொல்றோம்!"

இந்த மூளையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. முதலாவது, வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டுமே இருந்தால், நீங்கள் நிஜமாகவே அவருடைய உடன்பிறந்த தங்கையாக இருந்தாலும் பைசா வராது. இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவர் விஷயத்தில் 2006-லேயே, திலக் சிங் வழக்கில், இந்தக் கதவு சாத்தப்பட்டது. இரண்டாவது, பொய் நிற்காது. அடிபட்டு வருகிறவர் ஆஸ்பத்திரியில் முதலில் சொல்வது ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டில், ஏறிவிடும். ரத்தம் வழிய வருகிறவர் 'வாடகைக் காரில் வந்தோம்' என்றுதான் சொல்வார், யோசித்து உறவு கண்டுபிடித்துக்கொண்டிருக்க மாட்டார். அடுத்தது எஃப்.ஐ.ஆர். அதற்கடுத்து, முன்பணமாக ஓட்டுநருக்குப் போனில் அனுப்பிய ஐந்நூறு ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் புலனாய்வாளர் உங்கள் தெருவிலும் அவர் தெருவிலும் இரண்டு நாள் டீ குடித்தால் போதும். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு 'மாமா பையன்' என்று சொல்லி, குறுக்கு விசாரணையில் மாமாவின் பெயர் தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சாட்சி என்பது தனிக் குற்றம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு கட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணவரை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள். வெள்ளைப் பலகை கார், வாடகைப் பயணம், எல்லாம் நிரூபணமானது. இழப்பீட்டுத் தொகை நியாயமாகவே வந்தது, கொடுக்க வேண்டியவர் வண்டி உரிமையாளர் மட்டும் என்று தீர்ப்பு. அந்த மனிதர் மாதச் சம்பளக்காரர். கடனில் வாங்கிய காரை ஞாயிறுகளில் வாடகைக்கு விட்டுத் தவணை கட்டியவர். நொறுங்கிய காரை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். ஜப்தி செய்ய வீட்டில் என்ன இருக்கிறது? தீர்ப்பு நகல் அந்த அம்மாவின் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குப் போன் செய்து, "ஏதாவது வருமாங்க ஐயா?" என்று கேட்கிறார்.

சில வழக்குகளில் தீர்ப்பாயம் இரக்கப்பட்டு, 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று உத்தரவிடும். பெர்மிட் இல்லாத வண்டி ஒன்றில் 2018-ல், அம்ரித் பால் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் அப்படித்தான் செய்தது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல் என்று சொல்லிவிட்டுத்தான் அதையும் செய்தது. பெரும்பாலும் அந்த இரக்கம் போய்ச் சேருவது வண்டிக்கு வெளியே நின்று அடிபட்டவருக்கு. காசு கொடுத்து உள்ளே உட்கார்ந்தவர் அதை நம்பிப் பயணம் கிளம்பக் கூடாது.

எண்ணூறு ரூபாய் எங்கிருந்து மிச்சமானது என்று இப்போது தெரிகிறதா? டி போர்டுக்காரர் பெர்மிட்டுக்குக் கட்டுகிறார், வரி கட்டுகிறார், கூடுதல் பிரீமியம் கட்டுகிறார். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, கொண்டுபோய் நிறுத்துகிறார். வெள்ளைப் பலகை காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் அந்தச் சோதனையே கிடையாது. உங்களைக் காப்பாற்ற ஒருவர் செய்யும் செலவைத்தான் அடுத்தவர் செய்யாமல் உங்களுக்குத் தள்ளுபடி என்று தருகிறார்.

பார்க்கத் தெரிய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வண்டி என்றால் பலகை பச்சை. எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை, வெள்ளையாக இருந்தால் சொந்தம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிக்கொண்டு போகும் வாடகைக் கார். முன்பதிவு செய்யும்போதே வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, எம்-பரிவாகன் செயலியில் போட்டால் என்ன வகைப் பதிவு, இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் எது வரை என்று வந்துவிடும். எண் தர மறுக்கிற ஆளிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறை. ஓட்டுநரிடம் பேட்ஜ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் வராது என்று சிலர் மிரட்டுகிறார்கள். சாதாரண இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2017-ல் சொன்னதை, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர் போனாலும் எல்லாருக்கும் கிடைக்கும் என்பது இன்னொன்று. அனுமதித்த எண்ணிக்கைக்குத்தான் கம்பெனி பொறுப்பு என்று 2007-ல் தீர்ந்துபோன விஷயம் அது. சென்னையிலிருந்து மரக்காணம் வரைக்கும் சுமார் 120 கிலோமீட்டர்தான், 130-க்குக் காசு வாங்குகிறான், கொள்ளை என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஒன்வே டிராப் வண்டிகளில் பல இடங்களில் 130 கிலோமீட்டர் குறைந்தபட்சக் கட்டணம். பேட்டா, டோல் தனி. முன்னாலேயே கேட்டால் சண்டை வராது.

பின் சீட்டுக்கு பெல்ட் வேண்டாம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு: 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல்.

மரக்காணத்தில் எப்போது போனாலும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் பார்க்கலாம் என்பதும் தவறு. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீர், குவியல்கள் மூடிக் கிடக்கும். தை பிறந்த பிறகுதான் மறுபடி வேலை சூடு பிடிக்கும். மழைக்காலத்தில் வருகிறவர்கள் பறவை பார்க்கலாம். பக்கத்துக் கழுவேலி 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த ஏரி. ஆனால் பூநாரையைப் பார்த்த சந்தோஷத்தில் காரைப் பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மாமல்லபுரம்–புதுச்சேரி நான்கு வழிச்சாலை வேலையால் மாற்றுப்பாதையும் திடீர்த் திருப்பமுமாக இருக்கும் வழி இது. நிற்கிற வண்டியில் மோதிய கட்டுகளும் என்னிடம் இருக்கின்றன.

அடிபட்டால் ஆஸ்பத்திரியில் முதலில் பணத்தைக் கேட்பார்கள் என்ற பயத்தில் காயக்காரரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பரில் இதோ பக்கத்தில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு கொடுக்கிறது. எந்த ஊர், எந்த நாடு என்று கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. "ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினா ரோடு காலி, ஜம்முனு போயிடலாம்" என்கிறார்கள். விடிகாலை விமானத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து கிளம்பும் வண்டிகள் மரக்காணத்தைத் தாண்டுகிற நேரமும், உப்பளத்துக்கு ஆள் கிளம்புகிற நேரமும் ஒட்டி வருகின்றன. வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும் என்பதால் அவர்கள் இருட்டிலேயே இறங்குகிறார்கள். விளக்கில்லாத சைக்கிள், பின் விளக்கு போன டி.வி.எஸ். ஃபிஃப்டி, தலையில் சும்மாட்டுத் துணியோடு நடந்தே போகும் பெண்கள். எதிரே வருகிற ஓட்டுநர் முந்தின இரவு ஒரு டிராப் முடித்து, காலியாகத் திரும்ப மனசில்லாமல் அடுத்த சவாரிக்குக் காத்துக் கிடந்தவராக இருப்பார். மோட்டார் தொழிலாளர்களுக்கென்று 1961-ல் வந்த சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கை யார் வைத்தார்கள்? ஏறுவதற்கு முன் "எப்பண்ணே தூங்கினீங்க?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டு நீங்கள் காத்திருங்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச்சொல்லுங்கள்.

உப்பளத்துக்குத் திரும்பும் வாய்களில் விளக்குப் போட வேண்டும், தொழிலாளர்களுக்கு ஒளிரும் சட்டை தர வேண்டும் என்று நான் மனு எழுத ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. மனுக்கள் நடக்கிற வேகத்தில் நடக்கட்டும் என்று, சிவப்பு ஒளிரும் பட்டைச் சுருள் ஒன்றை இப்போது பையிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் மரக்காணம் டீக்கடையில் ஒரு அம்மாவின் சைக்கிள் மட்கார்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, "எங்க பொண்ணு வண்டிக்கும் ஒண்ணு குடுங்கய்யா, அவ நாளைக்கு வருவா" என்றார். அரை முழம் வெட்டிக் கொடுத்தேன். அண்ணன் மகன் அன்று சாயங்காலம் மஞ்சள் பலகை வண்டியின் எண்ணைப் போனில் அனுப்பியிருந்தான், எஃப்.சி. அடுத்த மார்ச் வரை இருந்தது.