வாயில் வேறு: பாணரும் ஜாஸ் இசைஞரும்

முன்னுரை

இசையைப் போற்றும் சமுதாயம் இசைஞரையும் போற்றுகின்றதா? கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலைமுன் மாணவர்களோடு நின்றபோது நம் உள்ளத்தில் எழுந்த வினா இது. தமிழ் இலக்கியத்திலும், அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையின் வரலாற்றிலும் இதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்லியில் கலைஞர்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரியை வன்பரணர் புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்களில் பாடியுள்ளார். ஓர் அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவனைக் காட்டில் கலைஞர் குழுவொன்று காண்கின்றது. அவன் ஓரியென அறியாமலே யாழும் முழவும் ஆகுளியும் பதலையும் இசைத்துப் பாடுகின்றது. வேந்தனென விளித்த அளவில் அவன் நாணுகின்றான். வேட்டை ஊனோடு தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் வழங்குகின்றான். அங்கே காடே அவையாயிற்று, வாயிற்காவல் இல்லை. பின்னர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்ததை அகநானூறு கூறும். இத்தகைய குறுநில மன்னர் மறைய, பாணர்தம் புரவலரும் அருகினர்.

வேறு வாயில்

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் காட்டும் நிலை வேறு. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். மதுரையில் அவர் கோயில் வாயிலில் நின்றே இசைத்தார்; இறைவன் பணித்த பின்னரே அடியார் உள்ளே அழைத்துச் சென்றனர். திருவாரூரில் அவர் புகுவதற்கு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது. ஆயினும், மறைந்துபோன தேவாரப் பண்களை மீட்டுத் தந்தவள் இப்பாணர் மரபில் வந்த பெண்ணே என்று திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது.

கடல் கடந்த சான்று

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், ஞாயிறுதோறும் காங்கோ சதுக்கத்தில் கூடிய ஆப்பிரிக்க அடிமைகள் தம் தாளங்களைக் காத்தனர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது, வேற்றுமை ஒழியவில்லை. 1890இல் லூசியானா மாநிலம் இரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி வகுத்தது. 1896இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. ஐரோப்பிய இசை பயின்ற கலப்பினத்தவரும், புளூஸ் பாடிய கறுப்பரும் ஒரே ஒதுக்கலுக்கு ஆளாயினர். இவ்விரு மரபுகளின் கலப்பும் ஜாஸ் உருவாகத் துணைநின்றது. எனினும் 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் குழுவினுடையது. 1927 முதல் டியூக் எலிங்டன் இசைத்த நியூயார்க்கின் காட்டன் கிளப்பில், மேடையில் கறுப்பர், கேட்போர் வெள்ளையர்.

முடிவுரை

நிறவேற்றுமையும் சாதிவேற்றுமையும் ஒன்றல்ல. பாணர் விலைக்கு விற்கப்பட்டவரும் அல்லர். ஆயினும், இசைக்குத் திறந்த கதவு இசைஞருக்கு அடைபட்டது என்பதில் இரண்டும் ஒக்கின்றன. இன்று நாம் மேடையில் பறை முழங்கக் கைதட்டுகின்றோம். அதனை முழக்கியவரை நம் வீட்டில் உடன் அமர்த்தி உண்டதுண்டா? மாணவர்கள் இவ்வினாவை இலக்கியத்திடம் மட்டுமன்றித் தம்மிடமும் கேட்டல் வேண்டும். ஓரி தன் புகழ் கேட்டு நாணினான். நாம் நாண வேண்டியது வேறொன்றிற்காக.