கிளாரினெட்டின் உச்ச சுரங்கள்

திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் குழுவினரின் கிளாரினெட்டைக் கேட்டிருப்பீர்கள். கீழ்ச் சுரங்களில் கனிவாக ஒலிக்கும் இக்கருவி, மேலே ஏற ஏறப் புதியவர் வாயில் கீச்சிடுகிறது. உதட்டை இறுக்கிக் கடித்தால் சுரம் ஏறும் என்று அவர் எண்ணுவார். மாணவப் பருவத்தில் நானும் அப்படிக் கடித்துப் பல ரீடுகளை வீணாக்கியவன்தான்.

ஒரு முனை மூடிய குழாயில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மடங்குகளில்தான் ஒத்ததிர்வு நிகழும் என்று படித்திருப்பீர்கள். கிளாரினெட் அத்தகைய குழாயே. ரீடின் இடுக்கு மிகச் சிறியதாதலால் அலைக்கு அது மூடிய முனைதான். இடது கையின் கட்டைவிரலும் முதல் மூன்று விரல்களும், வலது கையின் முதல் இரு விரல்களும் துளைகளை மூடியிருக்கும்போது ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். ரிஜிஸ்டர் சாவியைத் திறந்தால் மூன்று மடங்கு, அதாவது 588. இப்போது இடது ஆள்காட்டி விரலையும் தூக்குங்கள். ஐந்து மடங்கு, 980! விரலைத் தூக்கினால் ஏன் இப்படி? ஒலிக்கும் நீளத்தில், மூடிய முனையிலிருந்து சுமார் 3/5 பங்கு தூரத்தில் அத்துளை இருக்கிறது. ஐந்தாம் மடங்கு அலைக்கு அழுத்தக் கணு அங்கேதான். ஆகவே துளை திறந்தாலும் அதற்கு இடையூறு இல்லை. மூன்றாம் மடங்கு அலைக்கோ அங்கே அழுத்த மாறுபாடு மிகுதி. அது குலைந்துவிடும்.

ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் புதிய சிக்கல். திறந்த துளைகள் அலையைச் சரிவரத் திருப்பி அனுப்புவதில்லை. குழாயின் ஒத்ததிர்வு வலுவிழக்கிறது. ரீடுக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்? ரீடின் ஒரு பக்கம் குழாய் என்றால், மறுபக்கம் வாசிப்பவரின் வாய் அல்லவா? அதுவும் ஒரு காற்றறைதான். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாக்சபோன் வாசிப்போரின் வாயினுள் ஒலியை அளந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். தேர்ந்தவர்கள் உச்ச சுரங்களில் வாயறையின் ஒத்ததிர்வைச் சுரத்திற்கு அருகே கொண்டுவந்தனர். கிளாரினெட்டில் சுருதியை வளைக்கும்போதும் வாயறைக்குப் பங்குண்டு என்று 2009இல் காட்டினர்.

உங்கள் வாயிலேயே சோதிக்கலாம். குரல் எழுப்பாமல், மூச்சாலேயே ஊ, ஆ, ஈ என்று சொல்லுங்கள். குரல்நாண் அதிராதபோதும் ஒலி படிப்படியாக உயர்வது கேட்கும். உயர்த்தியது நாக்குதான்.

கடிப்பதால் ரீடு ஊதுவாயோடு ஒட்டி இடுக்குக் குறுகுகிறது. காற்றோட்டம் குறைந்து ஒலி மெலிகிறது. நாக்கு 'ஈ' நிலையில் உயர்ந்திருக்க, உதடு தளராமலும் கடிக்காமலும் இருக்க, மூச்சுச் சீராகச் செல்லட்டும். பிறகு 196, 588, 980 ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்து, உதடு நெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.