தைராய்டு புற்றுநோயின் குணத்தைச் சொல்லும் புரதங்கள்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருத்துவக் கட்டுரை எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு என் அத்தைக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் அதை நேராக என் கையில் கொடுத்து, "நீதானய்யா படிச்ச புள்ள, என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார் அத்தை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். 'கார்சினோமா' என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. "ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லிவிட்டேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அதன்பிறகு டாக்டரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

கட்டி ஒன்று, குணம் வேறு

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் உள்ள சுரப்பி. இதில் வரும் புற்றுநோய் முக்கியமாக நான்கு வகை. பாப்பில்லரி வகைதான் அதிகம். பெரும்பாலும் மெதுவாக வளரும். ஃபாலிகுலர் வகை இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவக்கூடியது. மெடுல்லரி வகை சி-செல்களில் தோன்றுவது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். அனாபிளாஸ்டிக் வகை அபூர்வம். ஆனால் மிக மூர்க்கமானது. வெளியே தொட்டுப் பார்த்தால் எல்லாமே கட்டிதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நம் மெட்டலர்ஜி லேபை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் துண்டைப் பாலிஷ் செய்து, நைட்டல் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் ஃபெர்ரைட் எது, பெர்லைட் எது என்று தெரிகிறது. அதே மாதிரிதான் இதுவும். கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் சீவி, அதன்மேல் ஆன்டிபாடி விடுகிறார்கள். ஒவ்வொரு ஆன்டிபாடியும் அதற்குரிய புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு நிறம் ஏற்றினால் அந்தப் புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும். இதற்கு இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று பெயர்.

முக்கியமான புரதங்கள்

1. தைரோகுளோபுலின்: தைராய்டு செல் தன் வேலையை மறக்கவில்லை என்பதன் அடையாளம். அனாபிளாஸ்டிக் வகையில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

2. கால்சிடோனின்: இது பாசிட்டிவ் என்றால் மெடுல்லரி வகை என்று சந்தேகிக்க வேண்டும்.

3. கேஐ-67: பிரிந்து பெருகும் செல்களில் மட்டும் இருப்பது. 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். இதன் சதவீதம் கூடினால் வளர்ச்சி வேகம் அதிகம் என்று அர்த்தம்.

4. ஈ-கேட்ஹெரின்: செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் புரதம். நட்டு கழன்ற போல்ட் மாதிரி, இது குறைந்தால் செல் பிரிந்து ஓடும்.

5. பிராஃப்: இந்தப் புரதத்தின் 600-வது இடத்தில் வாலினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வந்துவிட்டால், 'வளரு' என்ற சிக்னல் நிற்காது. ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொண்ட சுவிட்ச்! பாப்பில்லரி வகையில் இந்த மாற்றம் மிகச் சகஜம். இந்த மாற்றமுள்ள அனாபிளாஸ்டிக் நோய்க்கு டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது.

6. சோடியம்-அயோடைடு கடத்தி: அயோடினைச் செல்லுக்குள் இழுக்கும் பம்பு. இதன் மரபணு 1996-ல் கண்டறியப்பட்டது. இது வேலை செய்யாவிட்டால் கதிரியக்க அயோடின் சிகிச்சை பலிக்காது.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ஒரே ஒரு புரதத்தை வைத்து யாரும் தீர்ப்பு சொல்வதில்லை. வயது, கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகள், பரவல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். ஹார்ட்னஸ் மட்டும் பார்த்து ஷாஃப்டைத் தேர்வு செய்வோமா நாம்?

அத்தையின் ரிப்போர்ட்டில் பாப்பில்லரி, தைரோகுளோபுலின் பாசிட்டிவ், கால்சிடோனின் நெகட்டிவ், கேஐ-67 குறைவு என்று இருந்தது. டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு மறுபடி அத்தையிடம் போனேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய் அத்தை. இது புற்றுநோய்தான். ஆனா மெதுவா வளர்ற வகை. மாத்திரையையும் இரத்தப் பரிசோதனையையும் விடக்கூடாது" என்றேன். அத்தை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார்.

நண்பர்களே, நம் வீடுகளில் இப்படிப்பட்ட காகிதங்கள் நம் கைக்குத்தான் வரும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுவோம். பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை