பார்த்துப் படியும் பாடம்

விக்கிரமசிங்கபுரத்தின் வாழ்வு நெடுங்காலமாக நூற்பாலையோடு பிணைந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர் விசையைக் கொண்டு ஆலை தொடங்கினார்கள். ஆலை வேலையை ஏட்டைப் படித்து எவரும் கற்பதில்லை. கைதேர்ந்தவர் பக்கத்தில் நின்று, அறுந்த இழையை அவர் விரல் இணைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் புதியவனின் விரலும் பழகுகிறது.

தீனும் இவ்வாறே. தாம் தொழக் கண்டபடியே தொழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களைப் பணித்தார்கள். சொல் போதுமென்றால் 'காணுங்கள்' என்பதற்குத் தேவை என்ன?

ஹிஜ்ரி 6, அதாவது கி.பி. 628இல், ஹுதைபிய்யாவில் நடந்ததைச் சிந்தியுங்கள். உம்ராவை நாடி வந்த ஸஹாபாக்கள் சுமார் 1400 பேர். குறைஷியர் தடுத்துவிட்டனர்; உடன்படிக்கையும் ஆயிற்று. பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் ஒருவரும் எழவில்லை. மாறுபாடு அன்று; கஃபாவைக் காணாமல் திரும்பும் துயரம் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. அப்போது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், எவரிடமும் பேசாமல் வெளியே சென்று தாங்களே அறுத்துத் தலைமுடி களையுங்கள் என ஆலோசனை கூறினார்கள். நபியவர்கள் அவ்விதமே செய்ததைக் கண்டதும் அனைவரும் எழுந்தனர். ஒருவர் தலையை மற்றவர் மழித்தனர். சொல் அசைக்காத உள்ளங்களைச் செயல் அசைத்தது!

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்பவர், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைச் சிறுவர்கள் காணச் செய்தார். பின்னர் அச்சிறுவர்களில் பலர் அதே அடியை, அதே சொற்களோடு அடித்தார்கள். நன்மையைப் போலவே தீமையும் கண்வழியே இறங்குகிறது.

"ஆலிம்சா, பையன் தொழ மாட்டேங்கிறான், கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று நம்மிடம் வரும் பெற்றோர் உண்டு. நாம் கேட்பது ஒன்றே: மஃரிபு பாங்கு சொல்லும்போது வாப்பாவின் கையில் இருப்பது என்ன? கைபேசியா, ஒளுச் செய்யும் தண்ணீரா?

'காட்டித் தொழுதால் முகஸ்துதி ஆகாதா?' என்று சிலர் கேட்கலாம். மனிதரின் புகழை நாடுவதே முகஸ்துதி. பிள்ளை பழக வேண்டும் என்ற நிய்யத் அதுவன்று. தொழுகையில் ஒரு பங்கை வீட்டிலும் தொழுங்கள், வீடுகளைக் கப்ருகளாக்காதீர்கள் என்பது நபிமொழியின் கருத்து. பர்ளைப் பள்ளியில் ஜமாஅத்தோடு தொழுங்கள். சுன்னத்தை வீட்டில் தொழுங்கள். பள்ளிக்கு வராத மழலையும் அதைக் காணும்.

சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் தாயின் சகோதரி மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார்கள். நபியவர்கள் எழுந்து ஒளுச் செய்து தொழுவதைக் கண்டு, தாமும் எழுந்து அவ்வாறே செய்து இடப்பக்கம் நின்றார்கள். நபியவர்கள் அவரைப் பிடித்து வலப்பக்கம் நிறுத்தினார்கள். ஏசவில்லை, கையால் திருத்தினார்கள். காட்டுவது பாதி, கண்டதைத் திருத்துவது மீதி.

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு சின்னஞ்சிறு ஜோடிக் கண்கள் விழித்திருக்கலாம். அவை காண்பது நன்மையாக இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.