பலாமரம் எங்கே?

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பிய பிளானைப் பார்த்தேன். மாடித் தோட்டம், சோலார், சுவர் முழுக்கத் தொட்டிச்செடி, எல்லாம் இருக்கிறது. மனையில் நிற்கிற பலாமரத்தைத்தான் காணோம். நிற்கிற மரத்தை வெட்டிவிட்டுத் தொட்டியில் செடி வைப்பதைப் பசுமை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் நாகர்கோவிலில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய் வா. அங்கே வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் இருக்கிறது. 1970களில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. மேட்டை ஜேசிபி விட்டு நிரவாமல், சரிவு போன போக்கிலேயே கட்டடங்களை இறக்கியிருக்கிறார். மரம் குறுக்கே நின்ற இடத்தில் சுவர் வளைந்து போகிறது. மத்தியான வெயிலில் ஜாலிச் சுவருக்கு உள்பக்கம் நின்று பார். செங்கல் இடைவெளி வழியே வெளிச்சம் பொடிப்பொடியாக விழும், கண் கூசாது, காற்றும் வரும். ஜன்னலுக்கு மரம், கம்பி, கண்ணாடி என்று ஆகிற செலவும் இல்லை.

பேக்கர் கையாண்ட 'எலிப்பொறிக் கட்டு' பற்றிப் படித்திருப்பாய். செங்கலைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவர் அதே 9 அங்குலம்தான், ஆனால் நடுவில் 3 அங்குலம் வெற்றிடம். செங்கல் கால்வாசி மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கொத்தனாரோ பழக்கதோஷத்தில் அந்த வெற்றிடத்தையும் கலவையால் அடைத்துவிடுவார்! அதன்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, இரண்டு ஓரத்தில் மட்டும் கலவை போடச் சொல். முதல் வரிசை எழும்பும்போது நீ பக்கத்திலேயே நில். ஆபீஸில் உட்கார்ந்து போனில் சொன்னால் நடக்காது.

பேக்கர் செய்ததை அப்படியே காப்பி அடிக்கவும் வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சாரல் அடிக்கிற பக்கம் ஜாலி வைத்தால் கட்டில் நனையும். அங்கே கூரையை மூன்றடியாவது வெளியே இழுத்துவிடு. கொசுவை மறக்காதே. உள்பக்கம் வலை அடிக்காவிட்டால், குடிவந்த ஒரே வாரத்தில் அட்டையை வெட்டி அத்தனை ஓட்டையையும் அடைத்துவிடுவார்கள். வலையைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி சட்டத்தில் போடு.

அடுத்த மழைக்கு மனையில் போய் நின்று, தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று குறித்துக்கொள். அந்தப் பாதையையும் மரத்தையும் முதலில் தாளில் போடு. மிச்ச இடத்தில் வீட்டை வரைந்து அனுப்பு, பார்க்கிறேன்.

மாமா