மலை எங்கும் போகவில்லை, ஓட்டுதான் இடம் மாறுகிறது



நம் ஊரில் கார்த்திகை தீபம் ஆண்டுதோறும் ஏறுகிறது. அதில் யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. மதுரை திருப்பரங்குன்றத்தில் மட்டும் அதே தீபம் 2025-இல் ஏன் வழக்காயிற்று?

அந்த மலையில் முருகன் கோயிலும் உண்டு, சிக்கந்தர் தர்காவும் உண்டு. எது யாருக்கு என்று 1931-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது: நெல்லித்தோப்பு, தர்கா, அதற்கேறும் படிகள் முஸ்லிம்களுக்கு, மற்றவை தேவஸ்தானத்துக்கு.

ஆனாலும் சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் பிரச்சினை மீண்டும் கிளம்பியது. ஜனவரியில் ஆடு, கோழி அறுப்பது பற்றிய சர்ச்சை; எம்.பி. நவாஸ்கனி மலைக்குப் போனார், பா.ஜ.க.வின் அண்ணாமலை அவர்மீது குற்றம் சாட்டினார், அவர் மறுத்தார். பிப்ரவரி 4-இல் இந்து முன்னணியின் ஆர்ப்பாட்டம். டிசம்பரில் தர்கா அருகிலுள்ள தூணில் தீபம் ஏற்றுவது பற்றிய வழக்கு. இந்தக் கூச்சலில் விலைவாசியும் வேலைவாய்ப்பும் பேச்சிலிருந்தே மறைந்துபோகும்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று:

1. வாட்ஸ்அப்பில் வருவதை விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் இதைத்தான் கற்பிக்கிறது.

2. ஆத்திரமூட்டிப் பேசுபவர் நம்மவரே ஆனாலும், இதில் அவருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள்.

3. உரிமையை ஆவணத்தோடு, வழக்கறிஞர் மூலம் கேட்போம். பிள்ளைகளைத் தெருவில் இறக்க வேண்டாம். தலைவருக்கு சீட் கிடைக்கும். பிள்ளைக்குக் கிடைப்பது எஃப்.ஐ.ஆர். அதன்பின் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் அலைவது அவன் பெற்றோர்தான்.

அல்லாஹ் நமக்கு நிதானத்தைத் தருவானாக.