முதலில் யாரைக் கேட்கப் போகிறாய்?

அன்புள்ள மருமகன் பிரவீனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். டிரக் ஸ்டாப் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் நீல விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் ரேடியோ, அதன் மேல் ‘100 வாட்’ என்று ஒட்டிய சீட்டு. கீழே நீ எழுதிய ஒரு வரி: “மாமா, வாங்கிரட்டுமா?”

வாங்காதே. ஏன் என்று ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு லோடு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

பெட்டியைக் கடைசியாகப் பார். யாரைக் கேட்பதற்கும் யாரோடு பேசுவதற்கும் இது வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள். அந்தப் பதில் ஒரு சேனல் எண்ணாகத்தான் வரும். எண் தெரிந்துவிட்டால் எந்தப் பெட்டி, எந்த ஆன்டெனா என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

அமெரிக்காவில் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோ) என்றால் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 40 சேனல்கள். முதல் சேனல் 26.965, நாற்பதாவது 27.405. எண் வரிசையில் அலைவரிசையும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடாதே. 22-க்கு அடுத்து 24, 25, அதற்கும் மேலேதான் 23. 1958-இல் 23 சேனல்களோடு தொடங்கியதை 1977 ஜனவரி 1 முதல் நாற்பதாக்கினார்கள். புதிதாக வந்த 24-ஐயும் 25-ஐயும் பழைய 22-க்கும் 23-க்கும் நடுவே இருந்த இடத்தில் செருகிவிட்டார்கள்.

நாற்பதாக்க வேண்டி வந்த கதை உன் தொழிலின் கதை. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பங்க்குகளில் டீசல் இல்லை. நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மைல் கணக்கில் கூலி வாங்குகிற டிரைவருக்கு இரண்டுமே வயிற்றில் அடி. எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சிபிதான் கைகொடுத்தது. பிறகு ஊரே அதில் ஏறிவிட்டது. ‘கான்வாய்’ என்று ஒரு டிரைவர் பாட்டு 1976 ஜனவரியில் நாட்டின் முதலிடத்துக்குப் போனது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்று ஒரு சிபி பட்டப்பெயர் இருந்தது. கூட்டம் தாங்காமல் போய், 1983-இல் அரசு லைசென்ஸையே எடுத்துவிட்டது. இன்று நீ எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

உனக்கு வேண்டியது 19. நெடுஞ்சாலை டிரைவர்கள் இருக்கும் சேனல் அது. மேற்குக் கரையில் வடக்கு தெற்காக ஓடும்போது சில இடங்களில் 17-லும் பேச்சு கேட்கும். 9 அவசரத்துக்கும் வழிப்போக்கர் உதவிக்கும் என்று விதியே ஒதுக்கிவைத்திருக்கிறது, அரட்டைக்குத் தொடாதே. ஆனால் இப்போது 9-ஐக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. விபத்து என்றால் 911-ஐ அழைத்துவிட்டு 19-இல் சொல். பின்னால் வருகிற வண்டிகள் பிரேக் போடும். 6-ஆம் சேனல், சட்டத்துக்கு மேல் சக்தி வைத்துக் கத்துகிறவர்களின் மேடை, ஒருமுறை வேடிக்கை பார்க்கலாம். 36-இலிருந்து 40 வரை ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், எஸ்எஸ்பி என்பார்கள், தூரத்தில் இருப்பவர்களோடு பேசும் பொழுதுபோக்குக்காரர்கள்.

19-இல் எல்லோரும் இருப்பது ஏஎம்மில். ஆகவே எஸ்எஸ்பி வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 2021-இல் எஃப்எம்மையும் அனுமதித்துவிட்டார்கள், புதுப் பெட்டிகளில் அதற்கொரு பொத்தான் இருக்கும். அது தவறி அழுந்திக் கிடந்தால், நாள் முழுக்க ரோடே காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவாய்.

இனி அந்த 100 வாட்டுக்கு வருகிறேன். சட்டம் ஏஎம்மில் அனுமதிப்பது 4 வாட். கடைக்காரர் காட்டியது ‘டென் மீட்டர்’ என்ற பெயரில், அமெச்சூர் லைசென்ஸ் உள்ளவர்களுக்கென்று விற்கப்படும் ஜாதி. திறந்து ஒரு வேலை செய்து சிபிக்குத் திருப்பிவிடுவார்கள். பிடிபட்டால் உனக்கும் அபராதம். சட்டத்தை விடு, கணக்கைப் பார். 4 வாட்டை 100 ஆக்கினால் எதிரில் கேட்பவருடைய மீட்டரில் முள் இரண்டு கோட்டுக்குச் சற்று மேல்தான் ஏறும். உன் காதுக்கோ அதனால் எந்த லாபமும் இல்லை. உன் குரல் பத்து மைல் தள்ளிக் கேட்கும், பதில் சொல்பவர் 4 வாட்காரர், அவர் குரல் உனக்கு வராது. கத்திவிட்டுப் பதிலே கேட்காதவனுக்கு ரோட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமா?

அந்தக் காசை ஆன்டெனாவில் போடு. இதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

27 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 11 மீட்டர். அதில் கால்பங்கு, கிட்டத்தட்ட 2.75 மீட்டர், நல்ல ஆன்டெனாவின் இயல்பான உயரம். பதின்மூன்றரை அடி உயர டிரெய்லரை இழுக்கிறவன் கூரையில் அதை நிறுத்த முடியாது. அதனால் கம்பியைச் சுருட்டி மூன்று நான்கு அடிக் குச்சிக்குள் அடக்கி, கண்ணாடித் தண்டில் பொருத்துகிறார்கள். அடக்கும்போது கொஞ்சம் திறன் போகும், பரவாயில்லை. போகக் கூடாதது தரைப்பிடிப்பு. ஆன்டெனாவின் பிராக்கெட் வண்டியின் உலோகத்தோடு நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். இப்போதைய கேபின்களில் ஃபைபரும் பிளாஸ்டிக்குமே அதிகம். பெயின்ட்டின் மேல் முடுக்கிவிட்டால் பிடிப்பு இருக்காது. சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கச் சொல். கம்பெனி வண்டியில் துளை போட விடமாட்டார்கள், ஆனால் பலவற்றில் கம்பெனியே டேஷுக்கு மேல் சிபிக்கு மின்முனையும் ஆன்டெனா கேபிளும் விட்டிருக்கும். முதலில் அதைத் தேடு. முன்பு ஓட்டியவர் கதவிடுக்கில் நசுக்கிய கேபிளாகவும் இருக்கலாம், சோதிக்காமல் நம்பாதே. இரண்டு கண்ணாடியிலும் இரண்டு குச்சி வைத்தால் பார்க்க அழகு. அதற்குரிய ஜோடிக் கேபிள் இல்லாவிட்டால் ஒன்றே மேல்.

மாட்டியபின் எஸ்டபிள்யூஆர் பார்ப்பதுதான் வேலை. ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு அது. 1.5 என்றால் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்புகிறது, கவலையில்லை. 3 என்றால் கால்வாசி திரும்பி வந்து பெட்டியின் கடைசி டிரான்சிஸ்டரைச் சுடும்; அந்த நிலையில் மைக்கை அழுத்தவே அழுத்தாதே. வண்டியைச் சுவர், கூரை, பக்கத்து டிரெய்லர் எதுவும் ஒட்டாத வெட்டவெளிக்குக் கொண்டுபோ. கதவுகளை மூடு. 1-ஆம் சேனலில் அள, பிறகு 40-இல் அள. 40-இல் அதிகமாக இருந்தால் ஆன்டெனா நீளம், நுனித் திருகை உள்ளே செலுத்திக் குறை. 1-இல் அதிகமென்றால் குட்டை, வெளியே எடு. இரண்டிலும் 3-க்கு மேல் நின்றால் திருகில் தீராது; தரைப்பிடிப்போ கேபிளோ போயிருக்கிறது. பெட்டியோடு வரும் மீட்டரை விட, தனி மீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது.

பெட்டி எதுவானாலும் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோப்ரா 29, யூனிடென் 680 போன்ற சாதாரண ஏஎம் பெட்டி உனக்குப் போதும். மின்சாரத்தை சிகரெட் லைட்டரிலிருந்து எடுக்காமல், ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்தே எடு. எஞ்சினின் ஊளைச் சத்தம் பாதி குறையும். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சையும் ஆர்எஃப் கெய்னையும் கையில் பழகு. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் மேல்வானம் இந்த அலையைத் திருப்பி அனுப்பும். ஆயிரம் மைல் தள்ளிப் பேசுகிறவர் உன் முன்னால் போகும் வண்டியை மூடிவிடுவார். அப்போது கெய்னைக் குறைத்தால் பக்கத்தில் இருப்பவர் மட்டும் மிஞ்சுவார். வானிலை சேனல் இருக்கிற மாடலாகப் பார். வயோமிங்கில் ஐ-80-இல் எல்க் மவுன்டன் பக்கம் குளிர்காலத்தில் ஓடும்போது அதன் அருமை தெரியும். எக்கோ, ரோஜர் பீப் எல்லாம் வேண்டவே வேண்டாம், கேட்பவருக்கு எரிச்சல்.

பேச்சில் சில வார்த்தை தெரிந்துகொள். கரடி என்றால் போலீஸ், கோழிக்கூடு என்றால் எடை நிலையம், முதலை என்றால் ரோட்டில் கிடக்கும் டயர்த் தோல். திசை, மைல் கல் எண், விஷயம்: இந்த மூன்றையும் சொல்லிவிட்டு விடு. 19-இல் அசிங்கமும் இருக்கும், இனவெறிப் பேச்சும் இருக்கும், உன் உச்சரிப்பைக் கேட்டதும் எவனாவது வம்புக்கு இழுப்பான். பதில் சொல்லாதே, சத்தத்தைக் குறைத்துக்கொள். அடுத்த மேட்டைத் தாண்டினால் அவன் குரல் கேட்காது. கையில் ஃபோன் பிடித்துப் பேசுவதை டிரக் டிரைவர்களுக்கு மத்திய அரசு 2012-இலிருந்து தடை செய்திருக்கிறது. சிபி மைக் அதில் சேராது. இருந்தாலும் வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

இன்னொன்று. லீவுக்கு ஊருக்கு வரும்போது இந்த ரேடியோவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து உங்கப்பாவின் லாரியில் மாட்டலாம் என்று நினைக்காதே. இங்கே இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் அனுமதி 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதுவும் கருவியோடு சேர்ந்த ஆன்டெனாவுக்கு. போதாததற்கு அப்பாவின் வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் பெட்டி புகைந்துவிடும்.

ஆன்டெனாவை மாட்டியதும் 1, 19, 40 மூன்றிலும் வந்த எஸ்டபிள்யூஆர் எண்ணை எனக்கு அனுப்பு. அக்காவுக்கு முதலில் ஃபோன் போடு, நாலு நாளாக நீ எடுக்கவில்லை என்று என்னைத்தான் திட்டுகிறாள்.

அன்புடன்,
மாமா